குழந்தைக்குப் பால் புகட்டும் பாத்திரம்



பிறந்த குழந்தைக்கு எதை ஊட்டுவது என்பதைப் பற்றிப் பேசுவோர் பலர். எதைக் கொண்டு ஊட்டுவது என்பதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பாலின் தரத்தைப் பற்றி நாம் கொள்ளும் கவலையில் பாதியேனும் அந்தப் பால் தங்கும் பாத்திரத்தைப் பற்றிக் கொள்வதில்லை. ஆனால் சிசுவின் வயிற்றை அடைவது பால் மட்டுமன்று. பாத்திரத்தின் மூலையில் ஒளிந்திருந்த அழுக்கும், பாத்திரம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளின் நுண்ணிய கூறுகளும் பாலோடு சேர்ந்தே உள்ளே செல்லக்கூடும். ஆகவே பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது அலங்காரத்தைப் பற்றிய விஷயமன்று; ஆரோக்கியத்தைப் பற்றிய விஷயமாகும்.

சொந்த ஊரில் இருப்போருக்கு இது பெரிய சங்கடமாகத் தோன்றுவதில்லை. பாட்டி இருக்கிறாள், அத்தை இருக்கிறாள், பரணில் பழைய பாலாடை ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் தனிக்குடித்தனம் நடத்தும் இளந்தம்பதிகளின் நிலை வேறு. கடைக்காரர் வேற்று மொழியில் பேசுகிறார். அலமாரியில் வண்ண வண்ணமாய்ப் புட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு புகழுரை. எதை நம்புவது, எதை விடுவது? அந்தத் திகைப்பைச் சிறிது போக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒன்றை ஐயமறக் கூறிவிட வேண்டும். தாய்ப்பாலுக்குப் பாத்திரம் தேவையில்லை. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. அதன்பின் பிற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. சிசு உணவுகளையும் பால் புட்டிகளையும் பற்றி 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், பால் புட்டிகளுக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. இலவசப் பொருள் காட்டி அவற்றை விற்கவும் கூடாது. ஒரு பொருளை விற்கலாம், ஆனால் அதன் பெருமையைப் பேசி விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லுமானால், அந்தப் பொருளை எவ்வளவு எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும் பாத்திரம் இன்றியமையாததாகும் வேளைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சும் வலிமை இராது. தாய் நோயுற்றிருக்கலாம். பிரசவ விடுமுறையை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரங்களாக உயர்த்தியது. அந்த 26 வாரங்களும் முடிந்தபின் தாய் அலுவலகம் செல்ல வேண்டும். கறந்து வைத்த தாய்ப்பாலையோ, வைத்தியர் சொன்ன மாவுப்பாலையோ வீட்டிலிருப்பவர் புகட்ட வேண்டியதாகிறது. அவ்வேளையில் கையில் எடுக்கத் தக்கது எது?

பால் புட்டிதான் என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். அது அவ்வளவு உறுதியான விடையன்று. நம் முன்னோர் கையாண்ட பாலாடை இன்றும் பயனற்றுப் போய்விடவில்லை. ஒரு பக்கம் மூக்குப்போல் நீண்டு குவிந்த சிறு கிண்ணம் அது. அதில் மூடியில்லை, குழாயில்லை, திருகில்லை, ரப்பர்க் காம்பு இல்லை. அழுக்கு ஒளிய இடமில்லாததால் ஒரு நிமிடத்தில் கழுவிவிடலாம். குறைமாதக் குழந்தைகளைப் பேணும் மருத்துவமனைப் பிரிவுகளிலும், தானாக உறிஞ்சிக் குடிக்கத் தெரியாத சிசுக்களுக்குப் பாலாடையாலோ சிறு கிண்ணமும் கரண்டியும் கொண்டோ பால் புகட்டுகிறார்கள். பாட்டியின் பாத்திரம் நவீன மருத்துவமனைக்குள்ளும் இடம் பெற்றிருக்கிறது.

வெளி மாநிலத்தில் பாலாடைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அதற்கு ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அண்டை வீட்டாரைக் கேட்டாலே போதும். கன்னட நாட்டார் இதனை ஒளலெ என்பர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உக்குகின்னெ என்று கேட்டால் பாத்திரக் கடைக்காரர் புரிந்துகொள்வார். மராட்டியர் போண்டலே என்று வழங்குகின்றனர். வங்காளத்தில் ஜினுக் என்னும் சிப்பி வடிவக் கரண்டியும் சிறு கிண்ணமும் சேர்ந்து இப்பணியைச் செய்கின்றன. பெயர் வேறு, வடிவம் சிறிது வேறு. தாய்மாரின் அனுபவம் ஒன்றே. மொழி தெரியாத ஊரில் அடுத்த வீட்டு அம்மையாரோடு நட்புக்கொள்ள இதனினும் நல்ல தொடக்கம் வேண்டுமா?

பாலாடையைக் கையாள்வதில் ஒரு முறை உண்டு. குழந்தையைப் படுக்க வைத்துப் பாலை வாயில் ஊற்றலாகாது. தலை சற்று உயர்ந்திருக்குமாறு மடியில் சாய்த்துக்கொண்டு, பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின்மேல் வைத்து, சிறிது சிறிதாகச் சரிக்க வேண்டும். விழுங்கியபின் அடுத்த வாய். அழும் குழந்தைக்கும், அரைத் தூக்கத்திலிருக்கும் குழந்தைக்கும் புகட்டினால் பால் மூச்சுக் குழலில் ஏறும் அபாயம் உண்டு. அவசரக்காரரிடம் இவ்வேலையை ஒப்படைக்காதீர்கள்.

பாலாடை எந்த உலோகத்தில் இருக்கலாம்? நல்ல எவர்சில்வர் ஏற்றது. வெள்ளியும் ஏற்றதே, ஆனால் ஹால்மார்க் முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். பற்றுவைத்து ஒட்டிய இடங்கள் வெடித்திருந்தால் அதனைப் பெட்டியில் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். மெருகேற்றும் பொடி துளியும் தங்கலாகாது. ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படுவதில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகம் அது. பித்தளையும், ஈயம் பூசிய பாத்திரமும் சிசுவுக்கு வேண்டாம். பூச்சில் காரீயம் கலந்திருந்தால் அதனைக் கண்ணால் அறிய முடியாது. குழந்தையின் மூளைக்குக் காரீயம் எவ்வளவு சிறிய அளவிலும் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை.

இனி, புட்டிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய கண்ணாடிப் புட்டிகள் பரவின. குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளும், தாய்க்கு ஓய்வு என்று கருதினர். அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. பால் அங்கே தங்கிப் புளித்தது, கிருமிகள் பெருகின, எத்தனையோ சிசுக்கள் மடிந்தன. பிற்காலத்தார் அவற்றுக்குக் கொலைப் புட்டிகள் என்றே பெயரிட்டனர். அப்புட்டியின் உடல் கண்ணாடிதான் என்பதைக் கவனியுங்கள். பொருள் நல்லதாக இருந்தும் வடிவம் கொன்றது. ஆதலால் புட்டி வாங்கும்போது முதற்கேள்வி, இதன் ஒவ்வொரு மூலையிலும் தூரிகை எட்டுமா என்பதே. உள்ளே குழாயும் வளைவும் அடைப்பும் பல கொண்ட புட்டியைவிட, வாய் அகன்ற எளிய புட்டியே மேலானது.

இரண்டாம் கேள்வி பொருளைப் பற்றியது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணாடிபோல் தெளிவாகவும் விழுந்தால் உடையாமலும் இருந்ததால் பின்னர் அது பால் புட்டிகளில் பெருவழக்காயிற்று. அதன் மூலப்பொருளாகிய பிஸ்பினால் ஏ என்னும் ரசாயனம் பெண்மைச் சுரப்பு நீர்போல் உடலில் செயல்படக்கூடியது என்பதை எட்வர்டு சார்லஸ் டாட்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி 1936ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். சூடான பாலில் அது கசிகிறது என்ற கவலை பிற்காலத்தில் வலுத்தது. கனடா 2008ஆம் ஆண்டில் தடையை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் பால் புட்டிகளில் அதனைத் தடை செய்தது. அமெரிக்கா 2012ஆம் ஆண்டில் விதியை மாற்றியது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தர விதியும் பிளாஸ்டிக் பால் புட்டிகளில் அது கூடாது என்றது. ஆகவே பி.பி.ஏ. இல்லை என்று புட்டியின் மேல் எழுதியிருப்பது சிறப்புப் பெருமையன்று. சட்டப்படி இருக்க வேண்டிய நிலையே. தள்ளுவண்டியிலும் நடைபாதையிலும் முத்திரையின்றி விற்கும் மலிவுப் புட்டிகளை நாடாதிருப்பது நலம்.

இப்போது பெரும்பாலான பிளாஸ்டிக் புட்டிகள் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் அதனைக் காட்டும். இதில் பிஸ்பினால் இல்லை. ஆயினும் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2020ஆம் ஆண்டில் வேறொன்றைக் கண்டனர். இப்புட்டிகளில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் நீரில் உதிர்கின்றன. நீர் 25 டிகிரி வெப்பத்தில் இருந்தபோது லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் துணுக்குகள். 95 டிகிரியில் சுமார் 5.5 கோடி. சூடு ஏற ஏற உதிர்வும் பெருகுகிறது. அத்துணுக்குகள் சிசுவின் உடலில் என்ன தீங்கு செய்யும் என்பதை விஞ்ஞானம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆதலால் இதுவரை பிளாஸ்டிக் புட்டியில் பால் கொடுத்த தாய்மார்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. எளிதில் தவிர்க்கக்கூடிய ஒன்றைத் தவிர்ப்பது விவேகம் என்பதே இங்குக் கூறத் தக்கது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். மாவுப்பால் கிருமியற்ற பொருளன்று. குரோனோபாக்டர் போன்ற கொடிய கிருமி அரிதாக அதில் இருக்கக்கூடும். அதனை ஒழிக்கவே, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் மாவைக் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. கொதித்த நீரை இறக்கி அரை மணிக்குள் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். கிருமியை ஒழிக்கச் சூடு வேண்டும். பிளாஸ்டிக் துணுக்கு உதிராதிருக்கச் சூடு கூடாது. இரண்டுக்கும் ஒருசேர இடம் தரும் பொருள் எது? கண்ணாடியும் எவர்சில்வரும்தான். கண்ணாடியை விரும்பச் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம். பழமைப் பற்றோ நாகரிக மோகமோ இதில் இல்லை.

கண்ணாடியிலும் வகை உண்டு. சாதாரணச் சுண்ணாம்புக் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது. போரான் கலந்த போரோசிலிகேட் கண்ணாடி, சூட்டில் விரியும் அளவு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே எளிதில் விரிசல் விடாது. ரசாயனக் கூடங்களின் குடுவைகள் இதனாலேயே செய்யப்படுகின்றன. வாங்கும்போது போரோசிலிகேட் என்ற சொல்லையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். கண்ணாடிப் புட்டிக்குரிய தர எண் 5168. பிளாஸ்டிக் புட்டிக்குரியது 14625. அளவுக் கோடுகள் கண்ணாடியிலேயே புடைத்திருப்பது நன்று. பளபளப்பான வண்ணச் சித்திரம் தீட்டியது வேண்டாம். சில வண்ணங்களில் காரீயமும் காட்மியமும் அடங்கியிருக்கக்கூடும். பெரிய புட்டி ஒன்றைவிடச் சிறிய புட்டிகள் இரண்டு சிறந்தவை; எடையும் குறைவு, ஒன்று கொதிக்கும்போது மற்றொன்று உதவும்.

கண்ணாடியின் குறை உடைவது. அதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தை தானே புட்டியைப் பிடிக்கத் தொடங்கினால் கண்ணாடியை அதன் கையில் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போகக் கூடாது. சிலிக்கோன் உறை ஒன்றைப் புட்டிக்கு மாட்டினால் வழுக்காது. நாள்தோறும் வெளிச்சத்தில் உயர்த்திப் பாருங்கள். மயிரிழை விரிசலோ வாயில் சிறு மூளியோ தென்பட்டால் அன்றே கழித்துவிடுங்கள். வடநாட்டுக் குளிர்காலத்தில் அதிகாலைப் புட்டி பனிக்கட்டிபோல் இருக்கும். அதில் கொதிநீரை ஊற்றாதீர்கள்; வெதுவெதுப்பான நீரால் முதலில் பழக்கிக்கொள்ளுங்கள்.

கழுவும் முறையையும் கூறிவிடுகிறேன். பால் குடித்து முடித்தவுடன் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு சோப்பு நீரும், இதற்கென்றே வைத்துள்ள தூரிகையும் கொண்டு தேய்க்க வேண்டும். அதன்பின் ஆழமான பாத்திரத்தில் குளிர்ந்த நீரை நிரப்பி, புட்டியை முழுவதும் மூழ்கச் செய்து, அடுப்பேற்றிப் படிப்படியாகச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடியில் ஒரு துணியை விரித்தால் புட்டி முட்டி உடையாது. இறக்கியபின் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். துடைக்கும் துணியே கிருமியைத் திருப்பித் தந்துவிடும். ராஜஸ்தான், குஜராத் முதலிய பகுதிகளில் உப்பு மிகுந்த கடின நீரால் புட்டியில் வெண்படலம் படியும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவினால் அது நீங்கும். குழந்தை குடிக்கத் தொடங்கிய மாவுப்பால் ஒரு மணிக்குமேல் வைத்திருக்கத் தக்கதன்று. மீந்தது வீணாகிறதே என்று அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பது சிக்கனமன்று. நோயை வைத்தியர் கட்டணத்தோடு வரவழைப்பதாகும்.

புட்டி கண்ணாடியானாலும் காம்பு கண்ணாடியாக இருக்க முடியாது. இயற்கை ரப்பர் மென்மையானது. ஆனால் கொதிக்கக் கொதிக்க விரைவில் பிசுபிசுக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். சிலிக்கோன் கூடுதல் சூட்டைத் தாங்கும், வாசனையும் இல்லை. எதுவாயினும் வீங்கியோ, நிறம் மாறியோ, கிழிந்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். பால் வேகமாக வரட்டும் என்று ஊசியால் துளையைப் பெரிதாக்குவது ஆகாது, புரையேறும்.

எவர்சில்வர் புட்டிகளும் கிடைக்கின்றன. உடையாமை அவற்றின் நன்மை. உள்ளே எவ்வளவு பால் இருக்கிறது, அழுக்கு இருக்கிறதா என்று தெரியாமை அவற்றின் குறை. 304 என்ற தர எண்ணுடைய எவர்சில்வரில் குரோமியம் 18 சதவிகிதமும் நிக்கல் 8 சதவிகிதமும் இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதைக் கொண்டு மட்டும் தரத்தை முடிவு செய்ய வேண்டாம். தாழ்ந்த ரகத்திலும் ஒட்டாத வகை உண்டு. முத்திரையைப் பாருங்கள்.

நம் போன்றோர்க்கு ரயில் பயணம் தவிர்க்க முடியாதது. தில்லியிலிருந்து சென்னை சேர ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. வழியில் கலந்த பாலைப் புட்டியில் எடுத்துச் செல்வது பேராபத்து. வெயிலில் அது கிருமிப் பண்ணையாகும். தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு இக்கவலை இல்லை. மற்றவர்கள் கொதித்த நீரை எவர்சில்வர் பிளாஸ்கிலும், வேளைக்கு வேளை அளந்த மாவை உலர்ந்த சிறு சம்புடங்களிலும் தனித்தனியே கொண்டுபோய், அவ்வப்போது கலந்துகொள்ள வேண்டும். பயணத்தில் கண்ணாடியைவிட எவர்சில்வர்ப் பாலாடையும் சிறு டம்ளரும் உத்தமம்; கொதிநீரால் அலசினால் மறுபடி தயார்.

ஆறு மாதத்திற்குப்பின் குழைத்த சோறும் பருப்பும் தொடங்கும்போது, கரடுமுரடற்ற விளிம்புடைய சிறு எவர்சில்வர்க் கிண்ணமும் கரண்டியும் போதும். மெலமின் தட்டுகள் பார்வைக்கு அழகானவை. சூடான உணவுக்கு ஏற்றவையல்ல. மூங்கில் கிண்ணம் என்ற பெயரில் வருவனவற்றில் சில, மூங்கில் தூளை மெலமின் பசையால் பிணைத்தவையே. மூக்கு வைத்த மூடிக் கோப்பைகளைக் கழுவுவதும் கடினம். குழந்தைக்கு டம்ளரில் குடிக்கப் பழக்குங்கள். சிந்தும், சிந்தட்டும். துடைத்துவிடலாம்.

குழந்தைக் காப்பகத்தில் கண்ணாடி கூடாது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் அச்சமும் நியாயமானதே. அங்கே பாலாடையோ டம்ளரோ கொண்டு புகட்ட இசைவார்களா என்று முதலில் கேளுங்கள். இசையாவிட்டால், வீட்டில் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ பாலைத் தயாரித்து உடனே ஆறவைத்து, ஆறியபின் முத்திரையுள்ள பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் அந்தப் புட்டியைச் சுட வைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த ஊர் மொழியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நேயர்களே! விலை உயர்ந்ததே நல்லது என்ற மயக்கம் குழந்தை விஷயத்தில் நம்மை எளிதில் பற்றிக்கொள்கிறது. இந்தப் பேச்சில் நான் புகழ்ந்தவை யாவும் எளிய பொருள்களே: ஒரு பாலாடை, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம், வேண்டுமானால் இரண்டு கண்ணாடிப் புட்டிகள். கடைக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளை நினைவில் கொள்ளுங்கள். இதன் மூலை முடுக்கெல்லாம் கழுவ முடியுமா? இது கொதிநீரைத் தாங்குமா? இதில் அரசாங்கத் தர முத்திரை இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் வாங்கலாம். வராவிட்டால், அதன் மேல் எத்தனை யானையும் முயலும் வரைந்திருந்தாலும் அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.